புதுப்பிப்பு: ஜாவா மெத்தடில் வேண்டாத பாராமீட்டரை நீக்குவது (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்டெலிஜே ஐடியா என்ற கோடு எழுதும் மென்பொருளில் ஒரு இன்டர்ஃபேஸ் மெத்தடின் மூன்றாவது பாராமீட்டரை (மெத்தட் வாங்கிக்கொள்ளும் மதிப்பை), கூப்பிடும் எல்லா இடங்களோடும் சேர்த்து எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தேன்.

வேலை செய்தது அதிலுள்ள 'சேஞ்ச் சிக்னேச்சர்' வசதிதான். மெத்தட் பெயரில் கர்சரை வைத்து கன்ட்ரோல்+எஃப்6 அழுத்தி, பட்டியலில் அந்த பாராமீட்டரை நீக்கினேன். இன்டர்ஃபேஸ், அதை இம்ப்ளிமென்ட் செய்த கிளாஸ்கள், கூப்பிடும் வரிகள் எல்லாம் ஒரே வீச்சில் மாறின. ரெகெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் முறை) வைத்துத் தேடி மாற்றும் யோசனை இங்கே சரிவராது. கூப்பிடும்போது அனுப்பும் மதிப்பான ஆர்க்யுமென்டுக்குள்ளேயே இன்னொரு மெத்தட் கால் இருந்தால், எந்தக் கமா யாருடையது என்று ரெகெக்ஸுக்குத் தெரியாது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஓரிடத்தில் மூன்றாவது ஆர்க்யுமென்டாக ஒரு கவுன்ட்டரை ஒன்று கூட்டி, அந்த எண்ணை அனுப்பியிருந்தார்கள். ஆர்க்யுமென்ட் போனதும் கூட்டலும் சேர்ந்தே போய்விட்டது. கம்பைலர் வாய் திறக்கவில்லை, டெஸ்ட்தான் பிடித்தது. அந்தக் கூட்டலைத் தனி வரியாக மேலே எழுதியதும் சரியாகிவிட்டது. அதனால் 'ரீஃபாக்டர்' அழுத்தும் முன் 'ப்ரிவ்யூ' பார்த்து, அந்த இடத்தில் வெறும் வேரியபிளோ கான்ஸ்டன்டோ இல்லாத வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துவிடுங்கள்.

அப்புறம், ரிஃப்ளெக்‌ஷன் (ரன் ஆகும்போதே கிளாஸ்களையும் மெத்தட்களையும் ஆராயும் ஜாவா வசதி) வழியாகப் பெயரும் டைப்பும் கொடுத்து மெத்தடைத் தேடும் கோடு இருந்தால் அதைக் கையால்தான் மாற்ற வேண்டும். விட்டால் ரன் ஆகும்போதுதான் 'நோ சச் மெத்தட்' எக்ஸெப்ஷன் வரும்.