மாசம் 9,000 குடுத்து போஸ்டரா, நானே போன்ல எடுத்துப் போடறதா?

செக்குக்கடை அக்கா:
வணக்கமுங்க. ஈரோடு பக்கம் எங்க வீட்டுக்காரர் மரச்செக்கு ஓட்டறாருங்க. கடலை, எள்ளு, தேங்காய் மூணும் ஆட்டறோம். நேர்ல வந்து வாங்கறவங்க பாதி, வாட்ஸப்புல சொல்லி வாங்கறவங்க பாதி. பேஸ்புக், இன்ஸ்டா ரெண்டும் ஆரம்பிச்சதோட சரி. கடைசியாப் போட்டது ஆயுதபூஜை வாழ்த்து. இப்ப ஒருத்தர் வந்து மாசம் 12 போஸ்டர், 4 ரீல்ஸ் போட்டுத் தர்றேன், 9,000 ஆகும்ங்கறாரு. "அந்தக் காசுக்கு ஒரு மூட்டை எள்ளு எடுத்துப் போடலாம்"னு வீட்டுக்காரர். நீங்கெல்லாம் என்ன பண்றீங்க?

டிசைன் தம்பி:
அக்கா, நான் கோயம்புத்தூர்ல இதே வேலைதான் பாக்கறேன், அதனால என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணியே கேளுங்க. நீங்களே போடுவீங்க. முதல் வாரம் நாலு, ரெண்டாவது வாரம் ஒண்ணு. அப்புறம் கடையில கூட்டம், வீட்ல விசேஷம், அப்படியே நின்னுடும். உங்க பக்கமே ஆயுதபூஜையோட நிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. எங்களுக்குக் குடுக்கற காசு அழகுக்கு இல்ல, விடாம நடக்கறதுக்கு.

மதுரைப் பெருசு:
ஏம்மா, எண்ணெய் நல்லா இருந்தா வாங்குனவளே நாலு பேர்ட்ட சொல்லிட்டுப் போறா. ரீல்ஸ் பாக்குறவன் சென்னையில உக்காந்து பாப்பான், ஹார்ட்டு போடுவான், போயிருவான். அஞ்சு லிட்டர் டின்னை அவனுக்கு அனுப்புனா பார்சல் காசு யாரு குடுக்குறது? வழியில ஒழுகுனா யாரு பதில் சொல்றது?

நெல்லைப் பலகாரம்:
பெரியவர் சொல்லுத பார்சல் விஷயம் உண்மைதான். அதுக்காக எல்லாத்தையும் மூடி வைக்கணுமா? எக்கா, போஸ்டரும் வேண்டாம், ரீல்ஸும் வேண்டாம். ஒரு நோட்டுல இந்த மாசம் வாடிக்கையாளர் உங்ககிட்ட என்னென்ன கேட்டாங்கன்னு எழுதுங்க. நான் முறுக்கு வியாபாரம். "எத்தனை நாள் வரும், எந்த எண்ணெய்ல சுட்டது, குழந்தைக்குக் குடுக்கலாமா" இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். ஒரு கேள்விக்கு ஒரு படம், மூணு வரி. அதுதான் என் பதிவு. உங்களுக்கு என்ன கேள்வி வருது?

செக்குக்கடை அக்கா:
நிறைய வருதுங்க. "அடியில மண்டி நிக்குதே, பழசா?" "மில்லு எண்ணெய் விலைக்கு ஏன் தர மாட்டீங்க?" "ஒரு கிலோ கேட்டா ஒரு லிட்டர் குடுக்கறீங்களே?" இப்ப மார்கழிக்குப் புதுசா ஒண்ணு. தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போச்சு, மெழுகு கலந்திருக்கீங்களான்னு ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க.

நெல்லைப் பலகாரம்:
எக்கா! ஒரு மாசத்துக்கு இது போதுமே! தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்குல உறைஞ்சிரும்லா. காலைல உறைஞ்ச பாட்டிலை ஒரு படம், அதையே வெயில்ல வச்சு உருகுனப்புறம் ஒரு படம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. கிலோ-லிட்டர் சண்டைக்கு ஒரு லிட்டர் எண்ணெயத் தராசுல வைங்க, 910 கிராம் பக்கம்தான் காட்டும். அதை அப்படியே வீடியோ எடுங்க. விலைக்கு எள்ளை நிறுத்துப் போடுங்க, வந்த எண்ணெயையும் புண்ணாக்கையும் நிறுத்துக் காட்டுங்க. ரெண்டரை கிலோ எள்ளு போனாத்தான் ஒரு கிலோ எண்ணெய்னு கண்ணால பாத்தவன் மறுபடி விலை பேச மாட்டான்.

மதுரைப் பெருசு:
பேசுவான். பாத்தும் பேசுவான். 35 வருசமா கடையில உக்காந்திருக்கேன்.

சுங்குடி வீடு:
எல்லாரும் படம் எடுக்கறதை என்னமோ சும்மா மாதிரி சொல்றீங்க. சின்னாளப்பட்டியிலிருந்து எழுதறேன். ராத்திரி டியூப்லைட்ல எடுத்த மாம்பழ மஞ்சள் சேலை போன்ல எலுமிச்சை நிறமாத் தெரிஞ்சு, ஒரே வாரத்துல மூணு சேலை திரும்பி வந்துச்சு. தபால் செலவு ரெண்டு பக்கமும் எங்க தலையில. அப்புறம் ஆள் வச்சுத்தான் எடுத்தோம். டிசைன் தம்பி சொல்றதுல பாதி நியாயம் இருக்கு.

நெல்லைப் பலகாரம்:
சேலை வேற, எண்ணெய் வேறம்மா. நீங்க விக்கறதே நிறத்தை. அவங்க விக்கறது நம்பிக்கையை. மேல ஒட்டுன டிசைனே அங்க சந்தேகத்தக் கிளப்பும், "பெரிய கம்பெனி சரக்கை வாங்கி ஊத்தறாங்களோ"ன்னு.

டிசைன் தம்பி:
அப்படிச் சொல்லி இருட்டுல, ஆட்டத்தோட, செக்குச் சத்தத்துல ஒண்ணும் கேக்காத வீடியோவப் போடக்கூடாது. அக்கா, குறைஞ்சது இதையாவது செய்யுங்க. போனை நேரா நிமித்திப் பிடிங்க. காலை வெளிச்சத்துல, வாசல் பக்கம் வச்சு எடுங்க. லென்ஸை முந்தானையில ஒரு தடவ துடைங்க, எண்ணெய்க் கடையில இதுதான் முதல் வேலை. செக்கு ஓடறப்பப் பேசாதீங்க, சொல்லவேண்டியதை எழுத்தாப் போடுங்க. நிறையப் பேரு சத்தம் வைக்காமத்தான் பாக்கறாங்க. இன்னொண்ணு, பிசினஸ் கணக்குல சினிமாப் பாட்டு போட்டா உரிமைப் பிரச்சினையில சத்தத்தை முடக்கிடுவாங்க. செக்கோட சத்தமே நல்லாத்தான் இருக்கும்.

இயற்கை அங்காடி:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? "நல்லெண்ணெய் சர்க்கரையைக் குறைக்கும்"னு ஒரு படம் போட்டேன். ஷேர் பிச்சுக்கிட்டுப் போச்சு. மக்களுக்கு வேண்டியது அதுதான்.

சுங்குடி வீடு:
அண்ணே, அக்காவை மாட்டி விட்றாதீங்க. சர்க்கரை நோயைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்றதை 1954ஆம் வருஷச் சட்டமே தடுக்குது. உணவுப் பொருளுக்குத் தப்பான விளம்பரம் குடுத்தா 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு.

இயற்கை அங்காடி:
எல்லாரும்தான் போடறாங்க. யாரைப் பிடிச்சாங்க?

நெல்லைப் பலகாரம்:
பிடிக்கறது இருக்கட்டும்யா. அதை நம்பி ஒருத்தர் மாத்திரைய நிறுத்திட்டா? எக்கா, நீங்க லேபிள்ல இருக்க 14 இலக்க உணவு உரிம எண்ணும் ஆட்டுன தேதியும் படத்துல தெளிவாத் தெரியுதான்னு மட்டும் பாருங்க.

மதுரைப் பெருசு:
இதுக்கு மட்டும் நான் அந்தப் பிள்ளை பக்கம்.

டிசைன் தம்பி:
சரி, எங்க போடறதுன்னு யாருமே பேசல. பழைய வாடிக்கைதான் குறின்னா இன்ஸ்டாவுக்கு முன்னாடி வாட்ஸப் ஸ்டேட்டஸ். 24 மணி நேரம் நிக்கும், காசு கிடையாது. ஆனா உங்க நம்பரை அவங்களும் சேவ் பண்ணியிருக்கணும். ஒரே மெசேஜை நிறையப் பேருக்குத் தனித்தனியா அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் அப்படித்தான், ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும். பில்லுலயே "எங்க நம்பரைப் பதிஞ்சு வைங்க"ன்னு அச்சடிச்சிடுங்க. பாருங்க, 9,000 ரூபாய் வேலையை நானே கெடுத்துக்கறேன்.

செக்குக்கடை அக்கா:
மூணு நாளாச்சுங்க. உறைஞ்ச பாட்டில் படத்தை ஸ்டேட்டஸ்ல வெச்சேன். சண்டைக்கு வந்த அம்மாவே பாத்துட்டு "சரி சரி"ன்னு ஒரு மெசேஜ், ஒரு லிட்டர் ஆர்டரும் குடுத்தாங்க. தராசு வீடியோவுக்கு வீட்டுக்காரர் மூஞ்சி காட்ட மாட்டேன்னுட்டாரு, கை மட்டும் வருது. அதை இன்ஸ்டாலயும் போட்டேன், 41 பேர் பாத்திருக்காங்க. அதுல பாதி எங்க சொந்தக்காரங்க. ஏஜென்சிக்காரர்கிட்ட தை முடியட்டும்னு சொல்லியிருக்கேன்.

மதுரைப் பெருசு:
கிலோ-லிட்டர் வீடியோவ எனக்கும் அனுப்பும்மா. எங்க கடையிலயும் அதே சண்டைதான்.