கேன்வாஸில் டெக்ஸ்சர் பேஸ்ட் காய்ந்ததும் வெடிக்குது, சரியான அளவு என்ன?

தூரிகைக்காரி:
18×24 அங்குல ஸ்ட்ரெச்டு கேன்வாஸ், தாமரை டிசைன். இதழ்கள் சுமார் 5 மி.மீ. தடிமன். வால் புட்டி, தண்ணீர், கொஞ்சம் ஃபெவிகால் கலந்து தடவி ஃபேனுக்கு நேர் கீழே வச்சா மறுநாளே விரிசல். பின்பக்கம் விரலால் அழுத்தினா சில்லு பெயருது. கடையில விக்கிற மாடலிங் பேஸ்ட் (மேடு டிசைன் செய்யுற ரெடிமேட் டெக்ஸ்சர் பேஸ்ட்) கட்டுப்படியாகாது. வீட்டிலேயே செய்ய அளவு சொல்லுங்க. பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சேர்த்தா சரியாகுமா?

சுவர்க்கோலம்:
புட்டியோட தரத்துல குறை இல்லைங்க, அதைப் போட்ட இடம்தான் தப்பு. வால் புட்டி பெரும்பாலும் வெள்ளை சிமெண்ட் கலந்ததுதான். சுவர் அசையாது, கேன்வாஸ் அசையும். இறுகின சிமெண்ட் வளையாது, உடையத்தான் செய்யும். புட்டிதான் வேணும்னா எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செஞ்ச) பலகைக்கு மாறுங்க. பலகைக்கு ரெண்டு பக்கமும் பிரைமர் அடிக்கணும்; ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினா வளைஞ்சிடும்.

கேன்வாஸுக்கு: சாக் பவுடர் 2 கப், ஃபெவிகால் அரை கப், வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் கால் கப். பெயிண்ட் கடையில கிடைக்கிற நைஸ் பவுடரா வாங்கி, பழைய வாயில் புடவைத் துணியில சலிச்சுக்குங்க. பசையையும் பெயிண்டையும் முதல்ல கலந்து, பவுடரை அரை அரை கப்பா சேருங்க. தண்ணீர் டீஸ்பூன் கணக்குலதான். கத்தியில அள்ளித் தலைகீழாப் பிடிச்சா விழாம நிக்கணும், அதுதான் பதம். வேகமா அடிச்சுக் கலக்காதீங்க, காற்றுக் குமிழி காய்ந்த பிறகு ஊசித்துளையா தெரியும்.

மாவுமலர்:
மேலே சொன்ன அளவு சரி. ஆனா அதையும் 5 மி.மீ. ஒரே தடவையில போட்டா வெடிக்கும். பசையில இருக்கிற தண்ணீர் வெளியேறும்போது பேஸ்ட் சுருங்குது. ஃபேன் காற்றுல மேல்தோல் முதல்ல இறுகி, உள்ளே ஈரம் நிற்கும். அப்புறம் உள்பக்கம் சுருங்கும்போது மேல்தோலைக் கிழிக்குது. ஒரு பூச்சு 2 மி.மீ.க்கு மேல வேண்டாம். ஒரு நாள் நிழல்ல காய விட்டு அடுத்தது. மேடு அதிகம் வேணும்னா பூச்சுக்கு நடுவுல மருந்துக்கடை காஸ் துணி (காயத்துக்குக் கட்டுற வலைத்துணி) ஒரு துண்டு பதிச்சிடுங்க. முதல்ல வீணான கேன்வாஸ் துண்டுல தடவி, முழுசா காய்ந்ததும் லேசா வளைச்சுப் பாருங்க. விரிசல் விட்டா பசை குறைவு, ஒரு ஸ்பூன் கூட்டுங்க. பசை ரொம்பக் கூடினா ரப்பர் மாதிரி ஆகி, உப்புத்தாள் தேய்க்க வராது.

சுவர்க்கோலம்:
பி.ஓ.பி. பத்திக் கேட்டிருந்தீங்க. அது தண்ணீர் பட்டதும் ரசாயன மாற்றத்தால இறுகுது, காய்ந்து இறுகுறதில்ல. சில நிமிஷத்துலயே கெட்டியாகத் தொடங்கும். அப்போ மறுபடி தண்ணீர் ஊத்திக் கலக்கினா பிறகு உதிரும். ஸ்டென்சிலுக்கு (டிசைன் வெட்டின அச்சுத் தாள்), பலகைக்குப் பரவாயில்ல. கலந்து டப்பாவுல வைக்க முடியாது. பாத்திரத்தை சிங்க்ல கழுவாதீங்க, குழாய்க்குள்ளேயே இறுகிடும்.

தூரிகைக்காரி:
நன்றிங்க. சாக் பவுடர் பேஸ்ட் மிச்சமானா எத்தனை நாள் தாங்கும்?

மாவுமலர்:
காற்றுப் புகாத டப்பாவுல, பேஸ்ட் மேலேயே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடினா ஒரு வாரம் கவலையில்ல. புளிச்ச வாடையோ கரும்புள்ளியோ தெரிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க. மைதா, சோளமாவு சேர்க்கச் சொல்ற வீடியோக்களை நம்பாதீங்க, மழைக்காலத்துல படத்துலயே பூஞ்சை வரும். பெயிண்ட் அடிச்சு முடிச்சதும் அக்ரிலிக் வார்னிஷ் ரெண்டு கோட் கட்டாயம். ஃபெவிகால் ஈரம் பட்டா இளகும்.