யோஸ்தா வருகிறானா, வருகிறாரா?

மால்மோவில் எனக்கு அது முதல் குளிர்காலம். காபி நேரத்தில் பக்கத்து மேசைக்காரர், "ஸ்வீடிஷ் படிக்கிறாயே, இதைக் கேள்" என்று போனை நீட்டினார். ஃபிலமோன் ஆர்தர் அண்ட் த டங் என்ற இசைக்குழுவின் பாட்டு. கிட்டார் சுருதியில் இல்லை. பின்னால் யாரோ அடுக்களையில் பாத்திரம் உருட்டுவது போலத் தாளம். திரையில் இருந்த தலைப்பை 'இன் கொம்மர் கோஸ்டா' என்று வாசித்தேன். "கோஸ்டா இல்லை, யோஸ்தா" என்று சிரித்தார்.

தலைப்பின் பொருள், உள்ளே வருகிறான் யோஸ்தா. வந்தவன் என்ன சேதி கொண்டுவந்தான் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வீட்டில் மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னால், "வருகிறானா, வருகிறாரா? வயசு என்ன?" என்கிறாள். ஸ்வீடிஷில் நான் வந்தாலும் கொம்மர், பெரியவர் வந்தாலும் கொம்மர். இன்றுவரை முடிவாகவில்லை.

இந்தக் குழுவினர் தெற்கு ஸ்வீடனில் ஸ்கோனே பக்கத்து இரண்டு பேர். யார் என்று ஊருக்குத் தெரியாது. 1972இல் சைலன்ஸ் நிறுவனம் இசைத்தட்டு வெளியிட்டது, ஸ்வீடனின் இசை விருதான கிராமிஸும் கிடைத்தது. இவர்களுக்கா விருது என்று ஒரே ரகளை! அப்புறம் 1987 வரை அந்த விருதையே கொடுக்கவில்லை.

* * *

மேலே எழுதியவருக்கு: அந்தத் தாளத்தைச் சும்மா நினைக்காதீர்கள். நானும் நண்பனும் ஒரு சனிக்கிழமை கரண்டி, வாளி, பழைய கிட்டார் வைத்து அதே மாதிரி முயன்றோம். பாட்டு: 'குளிர்பெட்டியில் பால் இல்லை'. பதிவைப் போட்டுக் கேட்டால், இரண்டு பேர் வேடிக்கை காட்டுவது அப்பட்டமாகத் தெரிந்தது. பாலுக்காக உண்மையிலேயே கவலைப்படுகிற குரல் எங்களுக்கு வரவில்லை. அழித்துவிட்டேன்.

* * *

எனக்குப் பிடித்த குழு டோர்சோன். அதே ஸ்கோனேதான், லோபெரோட் என்ற சின்ன ஊர். பேருந்தில் ஒருமுறை அங்கே போய் இறங்கினேன். பார்க்க ஒன்றும் இல்லை. சரி, அதைத்தானே பாடுகிறார்கள்!

அவர்களுடைய ஒரு பாட்டின் தலைப்பே, 'குன்னார் நூர்டால் காலத்தில் ஆட்டம் இதைவிட நன்றாக இருந்தது'. நூர்டால் ஸ்வீடன் கால்பந்து வீரர், 1948 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி, மிலானுக்குப் போய் கோல் மழை பொழிந்தவர். ஆனால் எனக்கு அந்தத் தலைப்பில் கேட்டது எங்கள் பெரியப்பா குரல். டிவி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு விக்கெட்டுக்கும் இதையேதான் சொல்வார், வேறு பெயர் போட்டு.