பின்கவைக்குக் குடுமியா, சுழலச்சா?

காட்பாடியிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய இருசக்கர வண்டிகளுக்கான பழுதுநூல் வரைவில் பின்சக்கரப் பகுதிக்கு வந்திருக்கிறோம். பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் கைதான் ஸ்விங் ஆம்; அது சேஸோடு சேரும் மூட்டு பிவட். ஸ்விங் ஆம் பிவட் பேரிங்குக்கு வரைவில் இப்போது இருப்பது 'அலைவுக்கரச் சுழலச்சுத் தாங்கி'. வாயில் நுழையவில்லை என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். 'சுழல்' என்பது பொய் சொல்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சக்கரத்து பேரிங் சுழலும். இது சுழலாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது சில பாகை மேலே, சில பாகை கீழே. ஆயுள் முழுக்க இதற்கு அவ்வளவுதான் நடமாட்டம். தேய்வதும் அதனால்தான். உள்ளே இருக்கும் ஊசிபோல் மெல்லிய உருளைகள் முழுச்சுற்று வராமல் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் உரசுகின்றன. அந்த இடத்துக்குப் புதுக் கிரீஸ் வந்து சேர்வதில்லை. உள்ளே இருக்கும் குழலில் ஊசி நீளத்துக்கு வரிவரியாகப் பள்ளம் விழுகிறது. கழற்றிய குழலைத் துடைத்துவிட்டு நகத்தால் வருடினால் சீப்புப் பல்லை வருடியதுபோல் தட்டும். குழலைத் திருப்பினால் பாரம் விழாத மறுபக்கம் புதிதுபோல் பளபளக்கும். சுழலும் பொருள் இப்படித் தேயாது.

கொஞ்சம் திரும்பி, வந்த வழியே மீளும் மூட்டுக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: குடுமி. கீல் வருமுன் கதவுகள் மேலும் கீழும் நீட்டிய குடுமியில்தான் நின்றன. பழைய கோயில் வாசலில் நிலைப்படி ஓரம் குடுமிக்குழியைப் பார்க்கலாம். குழி தேய்ந்தால் கதவு சரிந்து தரையில் இழுபடும். வண்டியில் இந்த மூட்டு தேய்ந்தால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை விட்டு விலகும். இரண்டும் ஒரே நோய்.

என் முன்மொழிவு: ஸ்விங் ஆம் – பின்கவை, பிவட் – குடுமி, முழுவதுமாக, பின்கவைக் குடுமித் தாங்கி.

ராணிப்பேட்டையிலிருந்து

> ஸ்விங் ஆம் – பின்கவை

ஐயா, கவைக்கு என் ஓட்டு உண்டு. உதிரிபாகக் கடையில் பாதிப் பேர் அதை 'பின் போர்க்கு' என்றுதான் கேட்கிறார்கள். கவட்டையில் கல் விட்ட எவருக்கும் உருவம் உடனே தெரியும். முன்பு பேசிய 'ஆடுகை' வேண்டாம். வருகை, செய்கைபோல அது ஆடும் தொழிலைக் குறித்துவிடும். 'ஊசற்கை'யும் வேண்டாம். வேலூர் வெயிலில் அதைப் படித்தால் ஊசிப்போன குழம்புதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் சேத்தக் போன்ற ஸ்கூட்டரில் எஞ்சினே சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிறது. அங்கே கவை எங்கே இருக்கிறது?

குடுமியில் எனக்கு இரண்டு இடிக்கிறது. கதவுக் குடுமி கதவோடு சேர்ந்து திரும்பும். வண்டியிலோ போல்ட்டு சேஸில் அசையாமல் நிற்க, கவைதான் அதைச் சுற்றி ஆடுகிறது. இன்னொன்று, எல்லாவற்றையும் தாங்கி என்று எழுதிவிட முடியாது. 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஊசியும் இல்லை, உரசலும் இல்லை. வெளிக்குழலுக்கும் உள்குழலுக்கும் நடுவில் ஒட்டிய ரப்பர் இருக்கிறது. ரப்பர் முறுக்கிக்கொண்டு மீள்கிறது, அவ்வளவுதான். ஊசித் தாங்கி என்று நினைத்து அதற்குக் கிரீஸ் அடித்தால் ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும்.

காட்பாடியிலிருந்து

நல்ல இடி. போல்ட்டு வேறு, மூட்டு வேறு என்று பிரித்துவிடலாம். மூட்டு குடுமி, உள்ளே போகும் நீளப் போல்ட்டு குடுமித்தண்டு. அரைக்கும்போது ஆட்டுக்கல்லில் குழவி திரும்புகிறது, மாவு அரைக்கும் எந்திரத்தில் கல் திரும்புகிறது. எது திரும்புகிறது என்பதற்காக அரைப்பதன் பெயரை மாற்றுகிறோமா?

ஸ்கூட்டருக்குக் கவை பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே 'எஞ்சின் குடுமி' என்றாலே போதும். குடுமி கவையை நம்பி இல்லை என்பதும் ஒரு வசதிதான். ரப்பர் வகைக்குத் தாங்கி என்பதை விட்டுவிட்டு 'ரப்பர் புஷ்' என்றே எழுதுகிறேன்.

குடியாத்தத்திலிருந்து

புஷ்ஷைத் தமிழாக்க 'பூண்' என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன். உலக்கைக்குப் பூண் வெளியே போடுவது. புஷ் உள்ளே இறங்குவது. லேத்துப் பட்டறையில் போய் 'கன்மெட்டல் பூண் கடைந்து கொடு' என்றால் தவறான அளவில்தான் வரும். புஷ் புஷ்ஷாகவே இருக்கட்டும்.

சில வண்டிகளில் ஊசித் தாங்கிக்குப் பதிலாக வரும் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் பற்றி நூலில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். இறுக்கி இறக்கியதும் உள்விட்டம் சுருங்கும். ஆகவே பட்டறையில் உள்ளளவை முடித்து வாங்கி வராதீர்கள். கவையில் இறக்கிய பிறகு, இரண்டு பக்கத்தையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (துளையைச் செதுக்கி அளவாக்கும் கருவி) விட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தனித்தனியே விட்டால் தண்டு ஒரு புஷ்ஷில் வழுக்கும், அடுத்ததில் சிக்கும்.

காட்பாடியிலிருந்து

சரி. சொற்களை வேலையில் ஓட்டிப் பார்ப்போம். ஊசித் தாங்கி வகைக்கான வரைவு:

"சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுக. ஆட்டம் சக்கரத்து பேரிங்கிலிருந்தும் வரலாம். எனவே கவை சேஸோடு சேரும் இடத்தில் இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஐயம் தீரவில்லை என்றால் சக்கரத்தையும் ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டுகளையும் கழற்றிவிட்டு வெறும் கவையை ஆட்டுக. மேலும் கீழும் வழவழவென்று போக வேண்டும். பக்கவாட்டில் 'டொக்' என்று தட்டினால் குடுமி போய்விட்டது.

"சில வண்டிகளில் குடுமித்தண்டு எஞ்சினையும் சேர்த்துப் பிடித்திருக்கும். தண்டை உருவுமுன் எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுக்கவும். துருப்பிடித்த தண்டுக்குத் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடவும். நட்டைத் தண்டின் முனை மட்டத்துக்குத் திருகி வைத்து, பித்தளைக் கம்பி கொடுத்துத் தட்டவும். வெறும் முனையில் சுத்தியல் பட்டால் மரை விரிந்து, தண்டு உள்ளேயே சிக்கும்.

"பழைய தாங்கியைக் கழற்றுமுன், அது விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. உள்ளே இருக்கிறது என்று வெர்னியரில் அளந்து குறிக்கவும். புதியது அதே ஆழத்தில் உட்கார்ந்தால்தான், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலுக்கு இடம் இருக்கும். 12 மி.மீ. மரைக்கம்பி, தடித்த வாஷர்கள், தாங்கியின் வெளிவிட்டத்தைவிட ஒரு நூல் சிறிய சாக்கெட், எதிர்ப்பக்கம் தாங்கி விழ இடமுள்ள குழாய்த் துண்டு, இவற்றால் இழுத்து எடுக்கலாம். புதிய தாங்கியின் எழுத்துப் பொறித்த பக்கம் வெளியே வர வேண்டும், அந்தப் பக்கத்தில்தான் அழுத்த வேண்டும். தாங்கியின் ஓடு மெல்லிய தகடு. சுத்தியலால் நேராக அடித்தால் ஓடு நசுங்கி ஊசிகள் பிடித்துக்கொள்ளும்.

"குழலையும் சேர்த்து மாற்றவும். ஊசிகள் ஓடுவது குழலின் மேல். வரி விழுந்த குழலில் புதுத் தாங்கி போட்டால் அதே ஆட்டம் சீக்கிரமே திரும்பும். லித்தியம் கிரீஸ், என்எல்ஜிஐ 2 தடிப்பு, ஊசிகளுக்கு இடையில் நிறைய. வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பீய்ச்சும் குழாயைக் குடுமிக்கு நேரே பிடிக்கவே கூடாது. சீலைத் தாண்டிப் போன தண்ணீர் வெளியே வராது."

ராணிப்பேட்டையிலிருந்து

படித்தேன். குடுமி இப்போது இடிக்கவில்லை. 'குடுமி போய்விட்டது' என்ற வரியில் சிரிப்பு வந்தது, ஆனால் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள். விட்டுவிடுங்கள்.

ரப்பர் புஷ் வகைக்கு இதே வரைவை ஒட்டிவிடாதீர்கள். அங்கே உள்குழல் தண்டோடு இறுகிவிடும், ஆடுவது முழுக்க ரப்பர். கவை தொங்கும் நிலையில் நட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் ஒரு பக்கம் முறுகி நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்கு மேலும் முறுகிக் கிழியும். நட்டைக் கையால் மாட்டி, சக்கரமும் ஷாக் அப்சார்பரும் பூட்டி, ஆள் உட்கார்ந்த நிலைக்குக் கவை வந்த பிறகு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். ஊசித் தாங்கி வகையில் இந்தக் கெடுபிடி இல்லை.

குடியாத்தத்திலிருந்து

பின்கவை, குடுமி, குடுமித்தண்டு மூன்றுக்கும் சம்மதம். 'உள்குழல்', 'குழல்' என்று இரண்டு விதமாக எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் வகையில் வெளிக்குழலும் உண்டு என்பதால் எங்கும் 'உள்குழல்' என்றே போடுங்கள். சீலுக்கு இன்னும் சொல் பார்க்கவில்லை.