மறு: 'எக்ஸ்போஷர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

> புதிதாகக் கமரா பழகுகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கையேடு தயாரிக்கிறேன். எக்ஸ்போஷருக்கு அகராதியில் 'வெளிப்பாடு' என்று இருக்கிறது. அதையே போடலாமா?

வேண்டாம் தம்பி. வெளிப்பாடு என்பது உள்ளே இருப்பது வெளியே வருவது. கமராவில் நடப்பது நேர்மாறு: வெளியே இருக்கும் ஒளி உள்ளே வந்து, அதைப் பதிவுசெய்யும் உணரியில் விழுகிறது. 'இந்தப் படத்தில் வெளிப்பாடு கூடிவிட்டது' என்று எழுதினால் வாசிக்கிறவர் நாடக விமர்சனம் என்று நினைப்பார்.

சொல்லைத் தேடுமுன் அது எந்த வசனத்தில் வரப்போகிறது என்று பார்ப்போம். கமராவும் கையுமாகத் திரியத் தொடங்கும் எவரும் ஒருநாள் யாழ். பொது நூலகத்தின் முன்னால் போய் நிற்பார்கள். நல்ல வெயில், வெள்ளைக் கட்டடம், தானியங்கி முறையில் ஒரு படம். திரையில் பார்த்தால் சுவர் பழைய வேட்டி மாதிரி மங்கிக் கிடக்கும். கமராவில் பழுதில்லை. ஒளியை அளக்கும் அதன் ஒளிமானி, எதிரே இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. படச்சட்டம் முழுக்க வெள்ளை நிறைந்தால் 'ஒளி கூடிப்போச்சு' என்று தானே குறைத்துவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அமுக்கி +1 வைத்தால் சுவர் வெள்ளையாகிவிடும். பொழுதுபட்ட நேரத்துப் பனங்கூடலுக்கு இதே பொத்தானில் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் இருட்டு சாம்பல் பூத்துவிடும்.

ஆக, நமக்கு வேண்டிய வசனம் 'இதை ஒரு படி கூட்டு' என்பது. அந்த 'இது' என்ன?

இதுவரை வந்த பரிந்துரைகளில் 'ஒளிபடல்' பொருளளவில் சரி. ஆனால் ஒளிப்படம் என்ற சொல்லுக்கு மிக அருகில் நிற்கிறது. வகுப்பில் வேகமாகச் சொன்னால் எது எதுவென்று தெரியாது. 'ஒளிக்கோள்' இலக்கணப்படி அழகுதான், கேட்கிறவர் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். 'ஒளிப்பேறு' எனக்குப் பிடித்தது. ஆனால் ஒளி குறைந்த படத்தைக் 'குறைப்பேறு' என்று எழுத வேண்டி வருமே, அது மகப்பேற்று விடுதிக்குப் போய்விடும்.

என் ஓட்டு 'ஒளியேற்பு'க்கு. காரணம் ஒலியழகு இல்லை. நம் பக்கத்தில் பலருக்கு இருக்கும் ஒரு குழப்பத்தை இந்தச் சொல் தீர்த்துவைக்கிறது. வில்லையில் ஒளி நுழையும் துவாரம், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் நேரம், படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ. எண் மூன்றையும் ஒரு முக்கோணமாக வரைந்து படிப்பிக்கிறோம். துவாரத்தை எஃப் 8-இலிருந்து 5.6-க்குத் திறந்தால் (எண் குறையத் துவாரம் பெருக்கும்) இரண்டு மடங்கு ஒளி வரும். ஷட்டரை 1/125 செக்கனிலிருந்து 1/60-க்கு மாற்றினாலும் கிட்டத்தட்ட அப்படியே. ஐ.எஸ்.ஓ.வை 100-இலிருந்து 200 ஆக்கினால்? ஒரு துளி ஒளிகூட அதிகமாக உள்ளே வராது. வந்த ஒளியால் உண்டான மின்சைகையைக் கமரா பெருப்பித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஏற்றது எவ்வளவு, பிறகு பெருப்பித்தது எவ்வளவு என்று 'ஏற்பு' பிரித்துக் காட்டும். இருட்டுப் படத்தை ஐ.எஸ்.ஓ. கூட்டிச் சரிசெய்தால் ஏன் புள்ளிபுள்ளியாக வருகிறது என்ற கேள்விக்கும் பாதி விடை அதிலேயே கிடைக்கும்: ஏற்ற ஒளி குறைவு.

சொல் கிளைவிடவும் வேண்டும். மிகையொளியேற்பு, குறையொளியேற்பு, இரட்டை ஒளியேற்பு, ஒளியேற்பு நேரம், ஒளியேற்புத் திருத்தம். யாழ். பண்ணைக் கடலில் அலையைப் பனிபோலக் கரைத்து எடுக்கிறார்களே, அது நெடுநேர ஒளியேற்பு. நீளம்தான், ஆனால் நாக்கு தடக்காது.

ஓர் எச்சரிக்கை. 'ஒளி'யை வெட்டிவிட்டு 'ஏற்பு' என்று மட்டும் எழுத வேண்டாம். இங்கே ஏற்பு என்றால் துருப்பிடித்த ஆணி காலில் ஏறினால் போடுகிற ஏற்பூசிதான் ஞாபகம் வரும். தமிழக நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்காது.

> ஸ்டூடியோக்காரர் எல்லாரும் எக்ஸ்போஷர் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியே விட்டால் என்ன?

பேச்சில் விடுங்கள், யாரும் தடுக்கவில்லை. அவர்கள் சொல்லும் 'வெளிறிப்போச்சு', 'இருண்டுபோச்சு' இரண்டையும் கையேட்டில் கட்டாயம் சேருங்கள். மிகையொளியேற்பு என்பது காரணம், வெளிறல் அதன் விளைவு. டிஜிட்டலில் முற்றாக வெளிறிய இடத்தை எந்த மென்பொருளும் மீட்காது. நெகட்டிவ் பிலிம் காலத்தவர் கொஞ்சம் கூட்டியே எடுத்துப் பழகியிருப்பார்கள், அவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனால் கையேடு எழுத்து. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்திருக்கிறார். கமராப் பொத்தானுக்குச் சொல் இல்லை என்று நாம் சொல்லலாமா?

லென்சுக்கு 'வில்லை' போதும், பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல். ஒளி திரும்பி வருவதை மட்டும் நாம் தெறிப்பு என்போம், தமிழகத்தில் எதிரொளிப்பு என்பார்கள். கையேட்டில் இரண்டையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அப்புறம் அந்தப் 'பொக்கே', பின்னணி மங்கித் தெரியும் அழகு. அதைத் தமிழாக்க மினக்கெட வேண்டாம். அது யப்பானியச் சொல், ஆங்கிலக்காரரே அப்படியேதான் வாங்கி வைத்திருக்கிறார்கள்.