அடையாள அட்டையில் தோட்டத்துப் பெயர் இருந்தால்: எனக்கு நடந்தது, உங்களுக்கு?

ரொம்ப நாளாக மனதில் கிடந்தது, எழுதிவிடுகிறேன். ஊர் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டம், கொழும்பில் கடை வேலை. பொங்கல் முடிந்து இரவு பஸ்ஸில் திரும்பும்போது வழியில் பொலிஸார் மறித்து ஏறினார்கள், போதைப்பொருள் சோதனையாம். என் அட்டையில் தோட்டம், டிவிஷன் பெயரைப் படித்ததுமே "இறங்கு" என்றார் ஒருவர். இறக்கப்பட்ட ஐந்து பேரும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத்தூளை அம்மா சேர்த்து வைத்து முதலாளி வீட்டுக்கென்று பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார், அதைக் கிழித்து ஈர ரோட்டில் கொட்டிக் காலால் கிளறினார்கள். ஒன்றும் இல்லை, "சரி, போ". என் பக்கத்து சீட்டுக்காரரின் பெரிய பையை யாரும் தொடவே இல்லை. அவரிடம் ஏதோ இருந்தது என்று சொல்லவரவில்லை, அவரைக் கேட்கக்கூட இல்லை.

பதுளையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
வயிறு எரிகிறது தம்பி. ஆனால் இதை அந்த ஒரு ஆளின் குணம் என்று விட்டுவிடாதீர்கள், சட்டம் எழுதும்போதே ஆளைப் பார்த்து எழுதிய கதைகள் இருக்கின்றன. நம் பாட்டன்மார் கண்டிச் சீமைக்குக் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1860இல், சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் நம் சனத்தைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுபோய் இறக்கியது. பத்தே வருடத்தில், 1870இல், டர்பன் இருந்த நேட்டால் என்ற ஆங்கிலேயக் காலனியின் அரசு, கூலிகள் கஞ்சா புகைக்கவோ வைத்திருக்கவோ கூடாது, அவர்களுக்கு யாரும் விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று சட்டம் போட்டது. 'கூலிகள்' என்று பெயர் சொல்லியே! பின்னால் அங்கே விசாரித்த ஆணைக்குழுவும் கஞ்சா இந்தியர்களை வேலைக்கு உதவாதவர்களாக்குகிறது என்றுதான் சொன்னது. உடம்பு கெடும் என்ற கவலையை விடக் கரும்புத் தோட்டத்து வேலை கெடும் என்ற கவலைதான் துரைமாருக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் இந்தியாவில் ஆங்கிலேயரே அமைத்த ஆணைக்குழு பின்னர் 1894இல், கஞ்சாவை அளவோடு பாவிப்பதால் பெரும்பாலும் தீங்கில்லை, முழுத் தடை வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது.

அமெரிக்காவிலும் இப்படித்தான். சான் பிரான்சிஸ்கோவில் 1875இல் தடை வந்தது சீனர்களின் அபின் புகைக்கும் இடங்களுக்கு, 1909இல் நாடு முழுக்க இறக்குமதி நின்றதும் புகைக்கிற அபினுக்குத்தான், மருந்துப் போத்தலில் வந்த அபின் தொடர்ந்து வந்தது. 1986இல் கறுப்பினத்தவரோடு சேர்த்துப் பேசப்பட்ட கிராக் (கொக்கெய்னையே புகைக்கும் கட்டியாக்கியது) 5 கிராமுக்கும் கொக்கெய்ன் தூள் 500 கிராமுக்கும் குறைந்தபட்சம் ஒரே ஐந்து வருடச் சிறை. 2010இல்தான் அந்த இடைவெளியைக் குறைத்தார்கள், அப்போதும் முழுதாகச் சமமாக்கவில்லை.

நுவரெலியாவிலிருந்து, ஒரு அக்கா:
ஐயா சொல்வது சரி. ஆனால் எங்கள் லயத்து வீடுகளுக்கும் ஐஸ் என்கிற போதைப்பொருள் வந்துவிட்டது, அதை மறைக்கக்கூடாது. என் தம்பி பாவித்தான், பிடிபட்டான். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி வாசித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கினார்கள், அவனுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. விற்றதாக எழுதியிருக்கிறார்கள் என்பது வழக்குக்குப் போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. தயவுசெய்து பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம், புரியாத தாளில் கையெழுத்துப் போடவேண்டாம்.

முதலில் எழுதியவன்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த நாளே போன் எடுத்து, முதலாளி வீட்டில் தேத்தண்ணி பிடித்திருந்ததா என்று கேட்டார், நல்லா இருந்ததாம் என்றேன்.