லூவ்ர் கிடங்கு இருநூறு கிலோமீட்டர் தள்ளி எதற்கு?

கேள்வி: பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம், காட்சியில் வைக்காத பொருட்களை, வெள்ளத்துக்குப் பயந்து, வடக்கு பிரான்சின் லியேவானில் கட்டிய கிடங்குக்கு அனுப்புகிறதாமே? பக்கத்தில் ஓடும் சேன் ஆற்றங்கரையில் சுவர் எழுப்பினால் போதாதா? ஆய்வாளர்கள் பாவம், ஒவ்வொரு முறையும் ரயிலேற வேண்டும்.

பதில்: போதாது. வெள்ளம் கரை தாண்டித்தான் வரும் என்று யார் சொன்னது? 1910-இல் சாக்கடைகள், மெட்ரோ சுரங்கங்கள் வழியாகவும் பாரிஸுக்குள் நீர் புகுந்தது. லூவ்ரின் கிடங்குகள் பலவும் தரைக்குக் கீழே இருந்தன. 2016 ஜூனில் சேன் நீர்மட்டம் 6 மீட்டரைத் தாண்டிய வெள்ளத்தின்போது, அருங்காட்சியகத்தை மூடிவிட்டுப் பொருட்களை மேல்தளங்களுக்கு ஏற்றினார்கள். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: அவசரத்தில் தூக்கும்போது மூலை உடையும், அடையாளச் சீட்டு கழன்றுவிடும். சீட்டில்லாத பானைத் துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிதானமாகப் பட்டியலிட்டு, பொதிந்து, முன்கூட்டியே அனுப்புவதுதான் சரி.

கேட்டவர்: அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா?

பதில்: எங்கே! காப்பாட்சியர்கள் பலர் எதிர்த்தார்கள், நீங்கள் சொன்ன அதே காரணத்துக்காக. ஆனாலும் 2019-இல் திறந்துவிட்டார்கள். சுமார் இரண்டரை லட்சம் பொருட்களை மாற்றுவது திட்டம். லூவ்ரின் கிளை இருக்கும் லான்ஸ் நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்வுக்கும் பழுதுபார்ப்புக்கும் கிடங்கிலேயே அறைகள் உண்டு.

இன்னொருவர்: ரயில் டிக்கெட்டை அருங்காட்சியகமே கொடுத்தால் வழக்கு முடிந்தது.